முதல் உலகப் போரும் மைசூரின் சமூகநீதி ஆணையும்: மில்லர் குழு எவ்வாறு பிறந்தது, என்ன செய்தது?

மைசூரு: 1918ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று, பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுக நகரை ஈட்டியும் வாளும் ஏந்திய இந்தியக் குதிரைப்படை வீரர்கள் துருக்கியப் படையினரிடமிருந்து கைப்பற்றினர். அவ்வீரர்களுள் மைசூரு சமஸ்தானத்தின் லான்சர் படையினரும் இருந்தனர். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன்பு, அவர்களுடைய சொந்த சமஸ்தானத்தில் மகாராஜாவின் அரசு ஒரு குழுவை அமைத்திருந்தது. அரசுப் பணிகள் ஒரே சமூகத்தாரிடம் குவிந்து கிடப்பதை மாற்றி, ஏனைய சமூகத்தினரையும் உள்ளே கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்வதே அக்குழுவின் பணி.

போர் முடிந்த மறு ஆண்டு அக்குழு அறிக்கை அளித்தது. 1921ஆம் ஆண்டு மே மாதம் அந்த அறிக்கை அரசாணையாக வடிவெடுத்தது. இன்று இடஒதுக்கீட்டு வரம்பு 50 விழுக்காடா, 69 விழுக்காடா என்று நாடு முழுவதும் நடைபெறும் விவாதத்தின் வேர்களில் ஒன்று அந்த ஆணையில் உள்ளது. அந்த ஆணை எந்தச் சூழலில் பிறந்தது, அதனால் யார் பயன்பெற்றனர், யார் விடுபட்டனர் என்பதை விரிவாகக் காண்போம்.

போர் மைசூரைத் தொட்ட விதம்

முதல் உலகப் போர் 1914இல் தொடங்கியபோது மைசூரை ஆண்டவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். போர்ச் செலவுக்காக அவர் ஆங்கிலேய அரசுக்கு ரூ.50 லட்சம் வழங்க முன்வந்தார். அக்காலத்தில் அது மாபெரும் தொகை. சமஸ்தானத்தின் குதிரைப்படையும் எகிப்து, பாலஸ்தீனப் போர்முனைகளுக்கு அனுப்பப்பட்டது. டெல்லியில் தீன்மூர்த்தி என்று அழைக்கப்படும் நினைவுச்சின்னத்தில் நிற்கும் மூன்று வீரர் சிலைகளுள் ஒன்று மைசூரைக் குறிப்பதாகும். மற்ற இரண்டும் ஜோத்பூரையும் ஹைதராபாத்தையும் குறிப்பவை.

போர்க்களம் தொலைவில் இருந்தாலும் அதன் விளைவுகள் வீட்டு வாசல் வரை வந்தன. மைசூரின் சந்தன மரம் அதுவரை பெருமளவு ஐரோப்பாவுக்கு, குறிப்பாக ஜெர்மனிக்கு, ஏற்றுமதியாகி அங்கேயே எண்ணெயாக்கப்பட்டு வந்தது. போர் அந்தச் சந்தையை அடைத்தது. தேங்கிய சந்தன மரங்களைப் பயன்படுத்தவே 1916-17ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலும் மைசூரிலும் அரசு சந்தன எண்ணெய் ஆலைகள் எழுந்தன. இன்று உலகப் புகழ் பெற்ற மைசூர் சந்தன சோப்பின் பிறப்புக்கும் போர்க்கால நெருக்கடியே காரணம்.

போரின் இறுதி ஆண்டு மிகக் கொடியதாக அமைந்தது. 1918இல் நாட்டின் பல பகுதிகளில் பருவமழை பொய்த்தது. உணவு தானியம், துணி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலை உயர்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், போர்முனையிலிருந்து கப்பல்கள் வழியாகப் பரவிய இன்ஃபுளூயன்ஸா காய்ச்சல் இந்தியாவில் கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மைசூரு சமஸ்தானமும் தப்பவில்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 58.06 லட்சமாக இருந்த சமஸ்தானத்தின் மக்கள்தொகை, பத்தாண்டுகள் கழித்து 59.79 லட்சமாக மட்டுமே உயர்ந்தது. வளர்ச்சி ஏறத்தாழ 3 விழுக்காடுதான்.

இந்நிலையில், 1917 ஆகஸ்டில் இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு, பொறுப்பாட்சியை நோக்கி இந்தியாவைப் படிப்படியாக அழைத்துச் செல்வதே ஆங்கிலேய அரசின் கொள்கை என்று அறிவித்தார். அதிகாரம் கைமாறப் போகிறது என்றால் அது யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எல்லா இடங்களிலும் எழுந்தது. மன்னராட்சி நடைபெற்ற மைசூரிலும் அக்கேள்வி ஒலித்தது.

யாரிடம் இருந்தன பதவிகள்?

1881இல் ஆங்கிலேயர் நேரடி நிர்வாகத்தை விலக்கிக்கொண்டு மைசூரை மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைத்தனர். அப்போது திவானாகப் பொறுப்பேற்ற ரங்காச்சார்லு சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் நீண்ட காலம் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரும் வெளியிலிருந்து வந்தவரே. அவர்களைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற பலர் மைசூரின் உயர் பதவிகளில் அமர்ந்தனர். ஆதலால் சமஸ்தானத்தில் எழுந்த முதல் குரல் சாதியைப் பற்றியதாக இல்லை. 'மைசூரின் பதவிகள் மைசூர்க்காரர்களுக்கே' என்பதே அன்றைய கோரிக்கை. மைசூர்ப் பிராமணர்களுக்கும் சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கும் இடையிலான போட்டியாக அது நீண்ட காலம் நீடித்தது.

அடுத்த தலைமுறையில் கேள்வி மாறியது. உள்ளூராராயினும் வெளியூராராயினும் பதவியில் இருந்தோர் பெரும்பாலும் ஒரே சமூகத்தினர் என்பது லிங்காயத்து, ஒக்கலிகர், முஸ்லிம் சமூகங்களின் படித்த இளைஞர்களை உறுத்தியது. சமஸ்தான மக்கள்தொகையில் பிராமணர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் 1918 வாக்கில் அரசின் உயர்பதவிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்களிடம் இருந்தது. கீழ்நிலைப் பணிகளிலும் நிலைமை அவ்வாறே.

அரசுப் பணி அக்காலத்தில் வெறும் சம்பளமாக மட்டும் கருதப்படவில்லை. நில வரியை மதிப்பிடுபவர், பாசன நீரைத் திறந்துவிடுபவர், பஞ்ச நிவாரணக் கூலியைக் கணக்கெழுதுபவர், பள்ளியில் பெயர் சேர்ப்பவர் ஆகிய அனைவரும் அரசு ஊழியர்களே. அமல்தார் அலுவலகத்தின் திண்ணையில் யாரை உட்கார வைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானித்ததும் அவர்களே. விலைவாசியும் நோயும் நெருக்கிய காலத்தில், அந்த அலுவலகத்தில் தம்மவர் ஒருவரும் இல்லை என்பது ஒரு சமூகத்தின் வாழ்வைப் பாதிக்கும் குறையாக உணரப்பட்டது.

மனு, குழு, பதவி விலகல்

1916 நவம்பரில் சென்னையில் நீதிக்கட்சி என்று பின்னர் பெயர் பெற்ற தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. அதன் எதிரொலியாக 1917இல் மைசூரில் பிரஜாமித்ர மண்டலி என்ற அமைப்பு உருவானது. பிராமணரல்லாத பல்வேறு சமூகங்களின் பிரமுகர்கள் அதில் ஒன்றுசேர்ந்தனர். மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி இவ்வியக்கத்துக்குக் கருத்து வலிமை சேர்த்தவர்களுள் முதன்மையானவர். பிற்காலத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர் இவரே.

1918ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இச்சமூகங்களின் தூதுக்குழு மகாராஜாவிடம் மனு அளித்தது. அரசுப் பணிகளிலும் பிரதிநிதித்துவ சபையிலும் போதிய இடம் வேண்டும், கல்வியில் தனி உதவி வேண்டும் என்பவை மனுவின் சாரம். அதனை ஏற்ற மகாராஜா, 1918 ஆகஸ்டில் மைசூர் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைக்கச் செய்தார். மில்லர் அதற்குமுன் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றியவர். பல்வேறு சமூகங்களைச் சேர்ந்தோர் குழுவில் உறுப்பினராக இடம்பெற்றனர்.

இம்முடிவு மைசூரின் மிகப் பெரிய நிர்வாகியான திவான் எம். விஸ்வேஸ்வரய்யாவை மகாராஜாவுடன் முரண்பட வைத்தது. தொழில், கல்வி, பாசனம் ஆகிய துறைகளில் மைசூரை முன்னேற்றியவர் அவர். அவருடைய ஆறாண்டுக் காலத்தில் பள்ளிகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. பின்தங்கிய சமூகங்கள் முன்னேற வேண்டும் என்பதில் அவருக்கு மாறுபாடு இல்லை. கல்வி பரவினால் பதவிகளில் உள்ள ஏற்றத்தாழ்வு தானே சரியாகும், நியமனத்தில் தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும், இல்லையேல் நிர்வாகத் திறன் குன்றும் என்பது அவர் நிலைப்பாடு.

கல்வி பரவும்வரை இன்னும் எத்தனை தலைமுறை காத்திருப்பது என்பது மனு அளித்தவர்களின் பதில் கேள்வி. 1918 இறுதியில் விஸ்வேஸ்வரய்யா பதவியிலிருந்து விலகினார். இந்தக் கருத்து வேறுபாடே விலகலின் முக்கியக் காரணம் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் முடிவு. அவருக்குப் பின் எம். காந்தராஜ அர்ஸ் திவானானார். அரசு சமூகத்தைச் சேர்ந்த அவர், மகாராஜாவின் சகோதரி ஜெயலட்சுமம்மண்ணியின் கணவர். மைசூரு மானசகங்கோத்ரி வளாகத்தில் இன்று நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் அமைந்துள்ள ஜெயலட்சுமி விலாஸ் மாளிகை இவர்களுடைய இல்லமாக இருந்ததே.

மில்லர் குழு என்ன கூறியது?

குழு 1919இல் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளை நான்கு அம்சங்களாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, வரையறை. அரசுப் பணிகளில் போதிய இடம் பெறாத, பிராமணரல்லாத எல்லாச் சமூகங்களையும் 'பின்தங்கிய சமூகங்கள்' என்று குழு கொண்டது. லிங்காயத்தினரும் ஒக்கலிகரும் முஸ்லிம்களும் தீண்டாமைக்கு ஆளான வகுப்பினரும் இந்த ஒரே குடையின் கீழ் வந்தனர்.

இரண்டாவது, இலக்கு. ஏழு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு நிலையிலும் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் இச்சமூகத்தினர் இடம்பெற வேண்டும். தகுதியுள்ள ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கிடைக்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும்.

மூன்றாவது, கல்வி. இலக்கை அறிவித்துவிட்டு, அதை நிறைவேற்றப் படித்த இளைஞர்கள் இல்லையென்றால் ஆணை ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். ஆகவே உதவித்தொகை, மாணவர் விடுதி ஆகியவற்றைப் பெருக்க வேண்டும் என்று குழு கேட்டுக்கொண்டது.

நான்காவது, 'தகுதி' என்ற சொல்லுக்குக் குழு அளித்த விளக்கம். திறமையைக் கல்விப் பட்டத்தால் மட்டும் அளக்க இயலாது என்று குழு வாதிட்டது. மக்கள்மீது பரிவு, நேர்மையான நோக்கம், ஊக்கம், நடைமுறை அறிவு ஆகியவையும் நல்ல அதிகாரியை உருவாக்குகின்றன என்பது அதன் கருத்து. தகுதியா, பிரதிநிதித்துவமா என்று இன்றும் எதிரெதிராக நிறுத்தப்படும் இரண்டையும், ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஆங்கிலேய நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு ஒன்றாக வைத்துப் பார்த்தது.

1921 மே மாதம் மைசூர் அரசு இப்பரிந்துரைகளின் சாரத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1902ஆம் ஆண்டிலேயே சாகு மகாராஜா அரசுப் பணிகளில் 50 விழுக்காட்டை ஒதுக்கியிருந்தார். மைசூரின் வேறுபாடு, குழு அமைத்து, நிலவரத்தை ஆராய்ந்து, கால வரம்புடன் இலக்கு நிர்ணயித்த முறையில் இருந்தது. சுதந்திர இந்தியாவில் அமைக்கப்பட்ட பிற்படுத்தப்பட்டோர் ஆணையங்கள் பலவும் பின்பற்றிய வழி இதுவே.

பள்ளி, விடுதி, மருத்துவமனை

பணி ஒதுக்கீட்டைச் சுற்றி வேறு சில நடவடிக்கைகளும் அக்காலத்தில் நிகழ்ந்தன. 1913ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், தேர்ந்தெடுத்த பகுதிகளில் சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வியை அறிமுகப்படுத்தியிருந்தது. ஆனால் கிராமப் பள்ளிகளில் பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகள் பல இடங்களில் வாசலுக்கு வெளியே நின்றுதான் பாடம் கேட்க முடிந்தது. போரின்போதும் அதை அடுத்தும், அரசுப் பள்ளிகள் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் உரியவை என்ற நிலைப்பாட்டை அரசு எடுத்தது. இக்காலத்தில் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ராமலிங்க ரெட்டி. பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. இருப்பினும் அரசு பின்வாங்கவில்லை.

மருத்துவத் துறையிலும் மாற்றங்கள் வந்தன. காசநோய்க்கு மன்னர் குடும்பமே பலியான துயரம் மைசூரில் உண்டு. மகாராஜாவின் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணி அந்நோயால் இறந்தார். அவர் பெயரால் மைசூரில் அமைந்த காசநோய் மருத்துவமனை 1921இல் செயல்படத் தொடங்கியது. ஊட்டச்சத்துக் குறைவும் நெரிசலான வீடுகளும் காசநோயைப் பெருக்கிய காலம் அது. அதற்குக் குறிப்பிட்ட மருந்தும் அப்போது கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே சிகிச்சை. அத்தகைய சிகிச்சை ஏழைக்கும் எட்டுவதற்குப் பொது மருத்துவமனையைத் தவிர வேறு வழியில்லை. 1924இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைசூர் மருத்துவக் கல்லூரி 1930இல் மைசூருக்கு மாறியது. அதே 1930இல் அரசு மருத்துவமனைகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை மையங்களைத் திறக்க மைசூர் அரசு ஆணையிட்டது. அரசே இத்தகைய மையங்களை நடத்தியது உலக அளவிலேயே முன்னோடி முயற்சியாகும்.

அரசியல் அமைப்பும் திருத்தப்பட்டது. மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, பிரதிநிதித்துவ சபையும் சட்ட மேலவையும் 1923இல் சட்டபூர்வமாகச் சீரமைக்கப்பட்டன. 1933ஆம் ஆண்டின் இந்துச் சட்ட மகளிர் உரிமைச் சட்டம் பெண்களுக்குச் சொத்தில் புதிய உரிமைகளை வழங்கியது. ஆங்கிலேய இந்தியாவில் இதற்கு நிகரான சட்டம் வர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின.

சென்னையும் லண்டனும்

மைசூர் ஆணை பிறந்த அதே 1921ஆம் ஆண்டில், செப்டம்பர் மாதம், சென்னை மாகாண நீதிக்கட்சி அரசும் முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. பின்னர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் 12 இடங்களைச் சுழற்சி முறையில் பங்கிடும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என இடங்கள் பிரிக்கப்பட்டன. சென்னையில் தேர்தல் மூலம் வந்த கட்சி செய்ததை, மைசூரில் மன்னர் செய்தார் என்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

போருக்குப் பின் அரசுகள் மக்கள்நலத்தில் இறங்கியது உலகெங்கும் காணப்பட்ட போக்கு. பிரிட்டனில் 1919ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் மூலம் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்ட அரசு நிதி அளித்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடித்தளமிட்டது. 1948இல் அங்குத் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. போரில் அனைவரிடமும் உயிரையும் உழைப்பையும் கேட்ட அரசு, அமைதி திரும்பியபின் ஒரு சாராருக்கு மட்டும் உரியதாக இருக்க இயலாது என்ற உணர்வு இவற்றின் பின்னணியில் இருந்தது.

பிரிட்டனில் அந்த உணர்வு வீடு, ஓய்வூதியம், மருத்துவம் என வெளிப்பட்டது. சாதி வழியே கல்வியும் பதவியும் பிரிந்து கிடந்த மைசூரிலும் சென்னையிலும், வீட்டைவிட முன்னதாக எழுந்த கேள்வி பள்ளி வாசலையும் அலுவலக நாற்காலியையும் பற்றியதாக இருந்தது. போர் இல்லாமலேயே அக்கேள்வி என்றேனும் எழுந்திருக்கும். அதைத் தள்ளிப்போட முடியாதபடி செய்தது போரும் அதையொட்டி வந்த அரசியல் மாற்றமும்.

விடுபட்டவர்கள் யார்?

மில்லர் குழுவின் வரையறையே அதன் பலமும் பலவீனமும் ஆகும். நிலமும் செல்வாக்கும் கொண்ட சமூகங்களையும், நிலமற்ற ஒடுக்கப்பட்ட வகுப்பினரையும் அது ஒரே பட்டியலில் வைத்தது. பட்டியலுக்குள் போட்டி என்று வந்தபோது, ஏற்கெனவே ஓரளவு படிப்பும் வசதியும் பெற்றிருந்தோர் முந்திக்கொண்டனர். ஒடுக்கப்பட்டோருக்கு முன்னுரிமை என்ற வாசகம் ஆணையில் இருந்தது. ஆனால் 'தகுதியுள்ளோர் கிடைக்கும்போது' என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்ந்தே இருந்தது. பள்ளிக் கதவு அப்போதுதான் திறக்கத் தொடங்கியிருந்த ஒரு வகுப்பினருக்கு அந்த நிபந்தனை பெரும் தடையானது.

குருபர், பெஸ்தர், கைவினைச் சாதியினர் போன்ற சிறிய சமூகங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பிரஜாமித்ர மண்டலியும் அதன் வழிவந்த பிரஜா பக்ஷமும் 1930களில் ஒன்றிணைந்து, 1937இல் காங்கிரஸில் கலந்தன. அதன் பின்னர் மைசூர் அரசியலில் லிங்காயத்து, ஒக்கலிகர் சமூகங்களின் கை ஓங்கியது. ஒரு சமூகத்தின் ஏகபோகத்தை உடைத்த கருவி, வேறு இரு சமூகங்களின் ஏற்றத்துக்கும் படிக்கட்டானது.

மைசூரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

'பிராமணரல்லாத அனைவரும் பின்தங்கியோர்' என்ற மில்லர் காலத்து அணுகுமுறை சுதந்திரத்துக்குப் பின்னும் மைசூர் மாநிலத்தில் தொடர்ந்தது. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அது நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 1960இல் அமைக்கப்பட்ட நாகன கவுடா குழு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எனப் பட்டியலைப் பிரித்தது. அதன் அடிப்படையில் 1962இல் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 22, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 3 என மொத்தம் 68 விழுக்காடு ஒதுக்கப்பட்டது.

எம்.ஆர். பாலாஜி எதிர் மைசூர் மாநிலம் என்ற வழக்கில் 1962 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், சாதியை மட்டுமே பின்தங்கிய நிலைக்கு அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்று தீர்ப்பு கூறியது. 1992இல் இந்திரா சஹானி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 50 விழுக்காடு வரம்பை உறுதிப்படுத்தியது. அந்த வரம்பிலிருந்து தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டைக் காக்கவே, மாநிலச் சட்டம் 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இடஒதுக்கீட்டுக்கு வழிகாட்டிய மைசூரே, அதன் எல்லையை வரையறுத்த வழக்கிலும் பெயர் பதித்தது.

மில்லர் குழுவில் விடுபட்டோரைச் சேர்க்கும் முயற்சி 1970களில் நிகழ்ந்தது. மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்தைச் சேர்ந்த முதல்வர் தேவராஜ் அர்ஸ், எல்.ஜி. ஹாவனூர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை 1972இல் அமைத்தார். 1975இல் அளிக்கப்பட்ட அறிக்கை, சமூகங்களைப் பல பிரிவுகளாகப் பகுத்து, அரசியல் செல்வாக்கு மிக்க லிங்காயத்தினரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சிறு சமூகங்கள் முதன்முறையாகத் தனி இடம் பெற்றதும் அப்போதுதான்.

இன்றைய பொருத்தம்

கர்நாடகத்தில் 2015இல் நடத்தப்பட்ட சமூக, கல்விக் கணக்கெடுப்பின் அறிக்கை 2024 பிப்ரவரியில்தான் அரசிடம் அளிக்கப்பட்டது. அதன் எண்ணிக்கைகள் குறித்துச் சர்ச்சை எழுந்ததால் 2025 செப்டம்பரில் புதிய கணக்கெடுப்பு தொடங்கியது. எந்தச் சமூகம் எவ்வளவு பேர், அவர்களில் எத்தனை பேர் படித்தவர்கள், எத்தனை பேர் பணியில் உள்ளனர் என்ற கேள்விகள் மில்லர் குழுவின் முன் இருந்தவையே.

அந்தக் குழுவின் அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. படிப்பு பரவட்டும், பதவிகள் தானே பரவும் என்று காத்திருப்பது, காத்திருக்க இயலாதவர்கள் மீது சுமையை ஏற்றுவதாகும். அதே வேளையில், பின்தங்கியோர் அனைவரும் ஒரே நிலையில் உள்ளனர் என்று கொள்வது, அவர்களுள் கடைசியில் நிற்பவரை மீண்டும் கடைசியிலேயே நிறுத்திவிடும்.

மைசூரு நகரின் நடுவே, கே.ஆர். சதுக்கத்தில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சிலை நிற்கிறது. தசராக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் அதைக் கடந்து செல்கின்றனர். அணையையும் அரண்மனையையும் பல்கலைக்கழகத்தையும் கொண்டு அவரை நினைவுகூர்வோர் பலர். அவருடைய அரசு 1921இல் பிறப்பித்த ஆணையோ, ஒவ்வொரு கலந்தாய்விலும் ஒவ்வொரு பணி நியமனப் பட்டியலிலும் தொடர்ந்து பேசப்பட்டு வருகிறது.